'பத்தல' என்பதும் ஒரு விடைதான்

எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மீது நம் இலக்கிய வட்டத்தில் ஒரு இளக்காரம் உண்டு. கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு கார்ப்பரேட் வாசலில் போய் நிற்கப்போகிற பிள்ளைகள், அவர்களிடம் பேச என்ன இருக்கிறது என்கிற தோரணை. எனக்கு அந்தத் தோரணையில் பங்கு வேண்டாம். காரணம், அந்தத் தேர்வுகளில் வரும் ஒரு வகைக் கேள்வி. நம் பள்ளிக்கூடங்கள் பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அது. பெயர் டேட்டா சஃபிஷியன்சி. விடை என்ன என்று அது கேட்பதில்லை. விடை சொல்லத் தகவல் போதுமா என்று கேட்கிறது.

ஜிமேட்டில் இது பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஐஐஎம்கள் நடத்தும் கேட் தேர்வில் ஒரு காலத்தில் தனியாகவே வந்தது, இப்போது அரிது. வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் பழக்கமானதுதான். ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள், ஐந்து தெரிவுகள். முதல் கூற்று மட்டும் போதும் என்றால் ஏ. இரண்டாவது மட்டும் போதும் என்றால் பி. இரண்டையும் சேர்த்தால்தான் போதும் என்றால் சி. எது ஒன்று கிடைத்தாலும் போதும் என்றால் டி. இரண்டையும் சேர்த்தாலும் பத்தாது என்றால் இ.

நெடுங்காட்டில் மாலை நேரத்தில் நாலைந்து பேருக்கு இந்தக் கணக்குகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் எல்லாருக்கும் இரண்டு கணக்குகள் கொடுப்பேன்.

ஒன்று: பேனாவின் விலை என்ன? முதல் கூற்று, 3 பேனாவும் 2 நோட்டும் சேர்ந்து 80 ரூபாய். இரண்டாவது கூற்று, 6 பேனாவும் 4 நோட்டும் சேர்ந்து 160 ரூபாய்.

இரண்டு: பேனா 7 ரூபாய், நோட்டு 23 ரூபாய். அவன் வாங்கிய பேனா எத்தனை? முதல் கூற்று, மொத்தம் 100 ரூபாய் ஆனது. இரண்டாவது கூற்று, பேனாவும் நோட்டும் சேர்த்து 12 வாங்கினான்.

ஏற்கெனவே கோச்சிங் போய்வந்த பிள்ளை இரண்டுக்கும் பத்து விநாடியில் 'சி' என்று குறித்துவிடும். "ரெண்டு அன்னோன், ரெண்டு ஈக்வேஷன், அவ்ளோதாண்ணே." இரண்டுமே தப்பு. முதல் கணக்கில் இருப்பது இரண்டு கூற்றல்ல, ஒரே கூற்றை இரண்டால் பெருக்கி மறுபடி எழுதியிருக்கிறார்கள். பேனா 10, நோட்டு 25 என்றாலும் சரியாக வரும். பேனா 20, நோட்டு 10 என்றாலும் வரும். விடை இ. இரண்டாவது கணக்கில் முதல் கூற்றே போதும். 100 ரூபாயில் ஒரு நோட்டுக்கு 23 போனால் மீதி 77, அது 11 பேனா. நோட்டே வாங்கவில்லை, அல்லது இரண்டு, மூன்று, நான்கு வாங்கினான் என்று வைத்துப் பாருங்கள், மீதிப் பணம் ஏழால் வகுபடாது. விடை ஏ. அரைப் பேனாவை யாரும் வாங்குவதில்லை என்பது அச்சில் இல்லாத தகவல். பேனா என்ற சொல்லைப் படித்தவனுக்கு அது கிடைக்கும். சமன்பாட்டை மட்டும் எண்ணியவனுக்குக் கிடைக்காது.

இதற்குப் பெயர் நுணுக்கமாக வாசித்தல். ஒரு கதையில் சொல்லப்பட்டது எது, நாமாக எண்ணிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதும் இதே வேலைதான். ஜிமேட்காரர்களே 2023 கடைசியில் கொண்டுவந்த புதிய வடிவத்தில் இந்தக் கேள்விகளைக் கணிதப் பிரிவிலிருந்து எடுத்து டேட்டா இன்சைட்ஸ் என்ற பிரிவில் வைத்துவிட்டார்கள். ஆனால் கோச்சிங் உலகம் இதை என்ன செய்து வைத்திருக்கிறது? இப்படி வந்தால் சி, அப்படி வந்தால் இ என்று ஒரு அட்டவணை. யோசிப்பதற்காகவே உண்டாக்கிய கேள்வியை யோசிக்காமல் கடக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதற்குப் பணமும் வாங்குகிறார்கள்.

கோச்சிங்கை மட்டும் திட்டினால் நியாயமாகாது. அவர்கள் கைக்கு வரும்போதே பிள்ளை பழக்கப்பட்டுத்தான் வருகிறது. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்ஸிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். 1980 வாக்கில் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் சின்ன வகுப்புக் குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 97 குழந்தைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். ஸ்டெல்லா பாரூக் 1985இல் 'கப்பல் தலைவனின் வயது' என்றே தலைப்பு வைத்து இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் குழந்தைகள் முட்டாள்கள் அல்ல. வாத்தியார் கேட்டால் விடை இருக்கும், கொடுத்த எண் எல்லாவற்றையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று பள்ளிக்கூடம் அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்திருந்தது.

நம் பாடப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு கணக்கிலாவது தகவல் குறைகிறதா? ஒன்றிலாவது வேண்டாத தகவல் இருக்கிறதா? புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறியாயிற்று. இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். "சார், இதுல தகவல் பத்தல" என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு அதைச் சொல்வது இன்னும் கஷ்டம். தெரியாததால்தான் சொல்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் விடை இ என்று தெரிந்த பிறகும் சியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதைக் கணக்கு வராதவர்களின் தடுமாற்றம் என்று சொல்ல நான் தயாரில்லை.

இலக்கிய நண்பர்கள் சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கேட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. ஜிமேட் கட்டணமோ டாலரில். கூற்றைப் புரிந்துகொள்வதற்கு முன்னால் மொழியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. வாசலில் 'பத்தாது' என்று சொல்லத் தெரிந்தவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, உள்ளே போனதும் நாலு ஸ்லைடை வைத்து ஆயிரம் பேர் வேலையைத் தீர்மானிக்கச் சொல்வார்கள் என்பதும் உண்மைதான். அதற்காகக் கேள்வியைத் தூக்கி எறிவதா? அது அவர்களுடைய சொத்து என்று யார் சொன்னது?

இந்த ஊரில் அது முன்பே இருக்கிறது. நெடுங்காட்டு விவசாயிக்கு வருடாவருடம் வருகிற கேள்வி: கடைமடைக்குத் தண்ணீர் வருமா? முதல் கூற்று, மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்தாயிற்று. இரண்டாவது கூற்று, 2007இல் நடுவர் மன்றம் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி, 2018இல் உச்ச நீதிமன்றம் மற்ற பங்குகளை மாற்றியபோதும் அந்த 7 அப்படியே நின்றது. இரண்டையும் சேர்த்தாலும் பத்தாது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட மாட்டார்கள். வாய்க்கால் தூர் வாரியாச்சா, மேலே முறை வைத்து விடுகிறார்களா, எந்த மதகு மூடியிருக்கு என்று விசாரிக்கக் கிளம்புவார்கள். தேர்வு இ என்பதோடு நின்றுவிடுகிறது. இவர்கள் அதற்கு அடுத்த கேள்வியையும் கேட்கிறார்கள்: இன்னும் என்ன தெரிந்தால் போதும்?

ஆகவே என் பிள்ளைகள் இ என்று குறித்தால் அதோடு விடுவதில்லை. "மூணாவது கூற்றை நீயே எழுது" என்பேன். முதல் கணக்கில் ஒருத்தி எழுதினாள்: பேனாவைவிட நோட்டு 15 ரூபாய் கூட. போதும், பேனா 10 ரூபாய் என்று வந்துவிட்டது. இதற்கு ஐஐஎம் வாசல் வரை போக வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் பத்துக்கு ஒரு கணக்கைக் குறையாக வையுங்கள். 'தகவல் போதாது' என்று எழுதினால் பாதி மதிப்பெண், எது குறைகிறது என்றும் எழுதினால் முழு மதிப்பெண். ஆசிரியராக இருக்கிற வாசகர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் அடுத்த வாரத் தேர்விலேயே இதைச் செய்யலாம்.