நிலவு நினைவில் இருக்கிறது, சிவப்பு அட்டை கையில் இருக்கிறது

ஈப்போ: நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் மனிதரை மீண்டும் நிலவுக்கு அனுப்பப் பார்க்கிறது. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் பேராக் தோட்டங்களில் வளர்ந்த மூத்தோர் பேச்சு 1969-க்குத் திரும்பிவிடுகிறது.

அப்போலோ 11 தரையிறங்கியபோது மலேசிய நேரம் ஜூலை 21, அதிகாலை 3.47. தோட்டத்தில் பெரட்டுக்கு முந்திய இருட்டு. ஆம்ஸ்ட்ராங் கால் பதித்தது காலை 10.26-க்கு. மரம் வெட்டியவர்கள் வாளியோடு பால் எடுக்கும் வேளை.

ஆனால், அந்த ஆண்டின் கதை அதோடு முடியவில்லை. மே 13 கலவரத்தால் நாடாளுமன்றம் முடங்கியிருந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. காலமெல்லாம் இங்கு உழைத்தும் குடியுரிமைப் பத்திரம் எடுக்காத பலர் வேலை இழந்தனர். பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினர்.

தங்கிவிட்டவர்களில் சிலரிடம் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். மெர்டேக்காவுக்கு முன்பே இங்கிருந்த, 60 வயதைக் கடந்த இந்தியர்களுக்குக் குடியுரிமை என 2018-இல் அரசாங்கம் அறிவித்தது. அதன் பிறகும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை.

1969-இல் இருபது வயதானவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பெயர் பதிந்த செக்ரோல் புத்தகத்தை எங்கே தேடுவது? சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து லயத்துக்காரரும் இடம் பெயர்ந்துவிட்டார்.

தாத்தா பாட்டியிடம் நிலவுக் கதை கேட்கும் பேரப்பிள்ளைகள், அவர்களின் அடையாள அட்டை என்ன நிறம் என்றும் கேட்க வேண்டும். சிவப்பு என்றால், அவர்களுக்கு நினைவு இருக்கும்போதே விவரங்களை எழுதி வைத்து விண்ணப்பத்துக்கு உதவ வேண்டும்.