தேக்குக்கு அருங்காட்சியகம் உண்டு. தேக்கு வெட்டியவர்களின் சொற்களுக்கு?

கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் அமைத்த நிலம்பூர்த் தேக்கு அருங்காட்சியகத்தை அண்மையில் பார்த்தேன். நுழைந்ததும் 55 ஆண்டு வளர்ந்த தேக்கு ஒன்றின் வேர்த்தொகுதி. உள்ளே தேக்கில் செய்த ‘உரு’ என்னும் பாய்மரக்கலத்தின் மாதிரி. மாணவர்கள் தவறாமல் காண வேண்டிய இடம். ஆயினும், மொழியியல் பயின்றோர்க்கு அங்கே வேறொரு வினா எழும்: மரத்தை இவ்வளவு கவனமாகக் காக்கும் நாம், மரத்தோடு உழைத்தவர்களின் மொழியை எங்கே வைத்திருக்கிறோம்?

1840களில் மலபார் ஆட்சியர் கனோலியின் முயற்சியில், சாத்து மேனோனின் மேற்பார்வையில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் உருவாயிற்று. இவ்விருவர் பெயரையும் வரலாறு அறியும். நாற்று நட்டவர், கோடரி பிடித்தவர், சாலியாற்றில் மரம் மிதக்கவிட்டுக் கல்லாயி வரை கொண்டுசென்றவர் ஆகியோர் ‘தொழிலாளர்’ என்ற ஒற்றைச் சொல்லுள் மறைந்தனர்.

அவர்களுடைய சொற்களோ முற்றிலும் மறையவில்லை. தமிழும் மலையாளமும் பகிரும் ‘தேக்கு’ போர்த்துகீசியர் நாவேறி ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று. மறுதிசையில், மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுப்பகுதியைக் குறிக்கும் ‘கூப்’ என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கில வனத்துறை வழியாக வந்து மலையாளத்தில் ‘கூப்பு’ என நிலைத்தது. ஆனைமலையில் மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட உச்சி இன்றும் ‘டாப் சிலிப்’. தொழில் நின்று போயிற்று. ஊர்ப்பெயர் சாட்சியாக நிற்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பரம்பிக்குளம். கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர்ப் பகுதி அன்று கொச்சி அரசின் பகுதி. அவ்வரசு பரம்பிக்குளக் காட்டிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு ஒரு டிராம் பாதை அமைத்தது. 1907இல் ஓடத் தொடங்கிய அது பின்னர் மூடப்பட்டது. செங்குத்துச் சரிவுகளில், மரமேற்றி இறங்கும் பெட்டிகளின் எடையே வெறும் பெட்டிகளை மேலே இழுத்தது. இந்நுட்பத்தைப் பொறியாளர் குறிப்புகளில் படிக்கலாம். ஆனால் சங்கிலி மாட்டியவர் அதை என்னவென்று அழைத்தார்? பாகன் யானைக்கு இட்ட ஏவற்சொற்கள் எவை? காடர், மலசர் பேச்சுகளிலிருந்து தமிழும் மலையாளமும் பெற்றவை எவை? இவற்றுக்கு விடை கூறக்கூடியவர்கள் மனிதர்கள் மட்டுமே. 1951இல் இருபது வயதில் அங்கு உழைத்தவர் இன்று இருந்தால் தொண்ணூறைக் கடந்தவர்.

தாவரவியல் அருங்காட்சியகத்திடம் அகராதிப் பணியை எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அப்பணி நம் துறைகளுக்குரியது. நாம் செய்தால்தான் அருங்காட்சியகங்கள் காட்சிக்கு வைக்க ஏதேனும் இருக்கும். வாய்மொழியைச் சான்றாக ஏற்கத் தயங்குவோர், கன்னிமாராத் தேக்கை நினைத்துப் பார்க்கலாம். அதன் சுற்றளவை நாடா சொல்லும். வெட்ட முயன்றபோது குருதி கசிந்தது என்னும் வழக்கோ, வெட்டுவதற்கு அஞ்சிய மனத்தைச் சொல்லும். இரண்டும் அம்மரத்தின் வரலாறே.

எல்லைப்புறத் தமிழை ஆராய்வோர் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்களையும் ஒலிமாற்றங்களையுமே தேடிச் செல்கிறோம். தொழிற்சொற்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒதுங்குகின்றன. ஆனால் தமிழ், மலையாளம், பழங்குடிப் பேச்சுகள், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே வேலையின் பொருட்டு ஒன்றையொன்று நாடிய களம் மரத்தொழிலே. மொழித்தொடர்பு ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த களம் நம் அருகில் இல்லை.

முதுகலை மாணவர் ஐவர், ஒரு கோடை விடுமுறை, ஒலிப்பதிவுக் கருவி: தொடங்குவதற்கு இவை போதும். பதிவு செய்த ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே அதைச் சொன்னவரின் பெயரையும், அவர் இசைவோடு, எழுதிவைப்போம்.