வாய்மூடி இருப்பது ஸ்டோயிக் அறமா?

ஸ்டோயிக் மெய்யியல் துன்பத்தைச் சத்தமின்றித் தாங்கிக்கொள்ளச் சொல்கிறது என்பது இன்று பரவலான நம்பிக்கை. அழக்கூடாது, கோபப்படக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது, நடப்பதை நடந்தபடி ஏற்றுக்கொண்டால் மனம் அமைதி அடையும் என்று தன்னம்பிக்கை நூல்களும் காணொளிகளும் அதைச் சுருக்கித் தருகின்றன. கொழும்புத் தமிழர் வீடுகளில் இந்தச் சுருக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களைக் கண்ட வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த புத்திமதி ஒன்றுதான்: பேசாமல் இரு, எங்களுக்கேன் வீண் வம்பு. அச்சத்தில் பிறந்த அந்தப் புத்திமதிக்கு இப்போது ஏதென்ஸின் பெயரும் ரோமின் பெயரும் துணைக்கு வருகின்றன. அந்தத் துணை பொய்யானது. ஸ்டோயிக்குகள் கற்பித்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

சைப்பிரஸ் தீவின் கிட்டியம் நகரைச் சேர்ந்த சீனோ, கி.மு. 300 அளவில் ஏதென்ஸ் சந்தைவெளியின் ஓவியத் தாழ்வாரத்தில் பாடம் சொல்லத் தொடங்கினார். நல்வாழ்வுக்கு அறம் ஒன்றே போதும் என்பது அவர் மரபின் அடிப்படை. அந்த அறத்தை அவர்கள் விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் என நான்காக வகுத்தனர். இன்றைய சுருக்கங்களில் தன்னடக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நீதி காணாமல் போய்விட்டது. அடிமையாகப் பிறந்து பின்னர் ஆசிரியரான எபிக்டெட்டஸ், நம் வசப்பட்டவை, வசப்படாதவை என்று உலகைப் பிரித்ததை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உடலும் சொத்தும் பதவியும் பிறர் மதிப்பும் நம் வசத்தில் இல்லை, சரி. ஆனால் நம் வசப்பட்டவற்றின் பட்டியலில் எண்ணமும் விருப்பும் வெறுப்பும் இருப்பதைப் போலவே, செயலில் இறங்கும் முனைப்பும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஸ்டோயிக் போதனையின் பாதிதான். அதுவும் ஆட்சியாளருக்கு வசதியான பாதி.

2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பில் நடந்ததை இந்தப் பிரிவினையின் வெளிச்சத்தில் பார்க்கலாம். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பகுதி லொட்ஜுகளுக்குள் புகுந்த பாதுகாப்புப் படையினர், அங்கு தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர்களைப் பஸ்களில் ஏற்றினார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கும் மருத்துவத்துக்கும் வேலைக்கும் என வந்திருந்த அவர்களில் 376 பேர் வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. அடையாள அட்டை இருந்தும், பொலிஸ் பதிவு இருந்தும், உடுத்த உடையுடன் ஏறவேண்டியதாயிற்று. பஸ்ஸில் ஏற்றப்படுவது அவர்கள் வசத்தில் இருக்கவில்லை. நாட்டின் வேறு பலரின் வசத்தில் வேறொன்று இருந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உடனடியாக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்தது. மறுநாளே, யூன் 8 இல், வெளியேற்றத்தைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு கிடைத்தது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

‘ஏற்றுக்கொள்’ என்ற புத்திமதியைச் சட்டத்தின் பக்கம் வைத்துப் பார்த்தால் அதன் விலை தெரியும். இலங்கைக் குடிமகன் நாட்டினுள் எங்கும் சென்றுவரவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். போவதானால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். பொறுத்திருந்து பார்ப்போம் என்று இருப்பவருக்கு அந்தக் கதவு மூடிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் மௌனத்தை விவேகம் என்று போதிப்பவர், விவேகத்தின் பெயரால் ஒருவரின் உரிமையைக் காலாவதியாக்குகிறார்.

பழைய ஸ்டோயிக்குகளின் வாழ்க்கை வரலாறும் இதே பக்கத்தில்தான் நிற்கிறது. தன் தாயைக் கொன்ற நீரோ மன்னனை ரோமின் மூதவை கி.பி. 59 இல் வாழ்த்தியபோது, மூதவை உறுப்பினரான திராசியா பீட்டஸ் எழுந்து வெளியே நடந்தார். 66 இல் அவருக்கு மரணம் விதிக்கப்பட்டது. அவருடைய மருமகன் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸை மூதவைக்கு வரவேண்டாம் என்று பின்னர் மன்னனான வெஸ்பாசியன் தடுத்தான். உறுப்பினராக இருக்கும்வரை வருவது தன் கடமை, நீக்குவதோ கொல்லுவதோ மன்னன் கையில் என்பதே அவர் பதிலின் சாரம். அவரும் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். எபிக்டெட்டஸ் தன் மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டியது இந்த ஹெல்விடியஸைத்தான். ‘வசப்படாதவை’ என்ற பாடத்தின் பயன் இங்கே புலப்படுகிறது. மன்னன் என்ன செய்வான் என்பது தன் வசத்தில் இல்லை என்று தெளிந்தவர், தன் வசத்தில் உள்ள சொல்லை நடுங்காமல் சொல்கிறார். அந்தத் தெளிவு மனிதரை அடக்கி உட்கார வைப்பதற்கு வந்ததன்று.

விதியைக் காரணம் காட்டுவோருக்கும் இந்த மரபில் இடமில்லை. ஸ்டோயிக்குகள் விதியை நம்பினார்கள் என்பது உண்மை. எல்லாம் விதிப்படி நடக்குமானால் நோயாளி வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் ஒன்றுதானே என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்து, ‘சோம்பல் வாதம்’ என்று பெயர் பெற்றது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டோயிக் அறிஞர் கிரிசிப்பஸ் அதற்குக் கொடுத்த பதில் கூர்மையானது: நோய் தீருவது விதியானால், வைத்தியரை அழைப்பதும் அந்த விதிக்குள் அடக்கம், ஒன்றை விட்டு மற்றது வராது. தமிழ் மரபும் இதை அறியாததன்று. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆள்வினை உடைமைக்கும் இடுக்கண் அழியாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. முதலாவதை மட்டும் வாசித்துவிட்டு வள்ளுவரை ‘தலைவிதி’ பேசுபவராக்குவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை ஸ்டோயிக்குகளை அப்படி ஆக்குவதும்.

உணர்ச்சியைப் பற்றிய தவறான கருத்து இன்னும் கொடியது. அது துக்கப்படுபவரைக் குற்றவாளியாக்குகிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்று நாட்டின் மூன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அத்தகைய இழப்பைச் சுமப்பவரிடம், ஆண்பிள்ளை அழலாமா, மனதைக் கல்லாக்கிக்கொள் என்று சொல்வது ஆறுதலே இல்லை. ஸ்டோயிக்குகள் அப்படிச் சொல்லவுமில்லை. உள்ளத்தில் முதலில் எழும் அதிர்வு யாருக்கும் வரும், அறிஞனுக்கும் வரும் என்றே அவர்கள் கற்பித்தார்கள். கடற்புயலில் முகம் வெளுத்துப்போன ஒரு ஸ்டோயிக் ஆசிரியரைப் பற்றி ரோம எழுத்தாளர் ஔலஸ் ஜெலியஸ் எழுதிவைத்திருக்கிறார். கடல் அமைதியானபின் அந்த ஆசிரியர் தன் வெளிறலை மறைக்காமல், எபிக்டெட்டஸின் நூலைக் காட்டி விளக்கம் தந்தார். நண்பர் செரீனஸ் இறந்தபோது தான் அளவுமீறி அழுததை ரோம ஸ்டோயிக் செனெக்கா ஒளிக்கவில்லை. எபிக்டெட்டஸோ, மனிதன் சிலைபோல் உணர்வற்று இருக்கக்கூடாது, மகனாக, சகோதரனாக, தந்தையாக, குடிமகனாகத் தன் உறவுகளைக் காக்கவேண்டும் என்றார். அவர்கள் திருத்த விரும்பியது கண்ணீரை அன்று, தவறான தீர்ப்பில் வேரூன்றிய வெறியையும் பழிவாங்கலையும்தான்.

இந்தக் கண்டனம் வாய்மூடி இருந்தவர்களுக்கு எதிரானதன்று. சோதனைச் சாவடியில் துப்பாக்கியின் முன்னே, பிள்ளையின் கையைப் பிடித்தபடி மறுபேச்சின்றி அடையாள அட்டையை நீட்டிய தாய் கோழை ஆகமாட்டார். எந்த நேரத்தில் பேசுவது, எந்த நேரத்தில் பிள்ளையைக் காப்பது என்று பிரித்தறிவதும் விவேகமே. பொறுக்கத்தக்கது தாய் ஒருவேளைக்கு எடுத்த அந்த முடிவு. பொறுக்கத்தகாதது, அதை எக்காலத்துக்கும் உரிய ஞானமாக்கி, பாதுகாப்பான தூரத்தில் இருந்துகொண்டு மற்றவர்களுக்குப் போதிப்பது. ஸ்டோயிக்குகளிடமும் குறை இருந்தது. நீரோவுக்கு ஆலோசகராக இருந்து செனெக்கா பெருஞ்செல்வம் சேர்த்தார். அடிமையும் மனிதனே என்று சொன்னவர்கள் அடிமைமுறையை ஒழிக்க இயக்கம் நடத்தவில்லை. தங்கள் நீதிக் கோட்பாட்டை அவர்களே முழுதாக நடைமுறைப்படுத்தவில்லை என்பது அவர்கள் மீதான நியாயமான குற்றச்சாட்டு. அநீதியைச் சகிக்கக் கற்பித்தார்கள் என்பது அப்படியானதன்று.

ஒன்றைச் செய்வதால் மட்டுமன்றிச் செய்யாமல் விடுவதாலும் அநீதி இழைக்கப்படுகிறது என்று ஸ்டோயிக் மன்னன் மார்க்கஸ் அவுரேலியஸ் தன் குறிப்புகளில் எழுதினார். உயிர்த்த ஞாயிறு வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியும் அதுவே. தாக்குதல் பற்றிய புலனாய்வுத் தகவல் ஏப்ரல் மாதத்தின் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து வந்திருந்தும் தடுப்பு நடவடிக்கை எடுக்கப்படவில்லை. பிள்ளைகளை இழந்த தந்தை உட்படப் பலர் உயர் நீதிமன்றம் சென்றனர். ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் 2023 சனவரி 12 இல் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்றது. முன்னாள் பொலிஸ் மா அதிபர், புலனாய்வுத் தலைவர், பாதுகாப்புச் செயலாளர் ஆகியோருக்கும் தொகைகள் விதித்தது. ஸ்டோயிக்குகள் வில்லாளியைக் காட்டி விளக்கிய கோட்பாடு இங்கே பொருந்தும்: குறிபார்த்து நாணேற்றி அம்பை விடுவதுவரை அவன் பொறுப்பு, விட்ட அம்பு காற்றில் விலகுவது அவன் வசத்தில் இல்லை. மூன்றரை ஆண்டுக்கும் மேலான காத்திருப்பும் தீர்ப்பும் தொகையும் மனுதாரர்களுக்கு வசப்பட்டவை அல்ல. இழப்பு நேர்ந்த ஒரு மாதத்துக்குள், துக்கத்தின் நடுவே, சத்தியக்கடதாசியில் கையொப்பமிடுவது அவர்கள் வசத்தில் இருந்தது. அதை அவர்கள் செய்தார்கள்.