மூலமா, மூடத்தனமா?

நமது ஜனங்களுக்குச் சர்க்கரை வியாதியைச் சொல்லிக் கொள்ள வெட்கமில்லை. இரத்தக் கொதிப்பைப் பத்துப் பேர் நடுவில் பெருமையாய்க்கூடப் பேசிக் கொள்ளுகின்றார்கள். ஆனால் மலத்தோடு இரத்தம் போகின்றது என்றால் மாத்திரம் வாயடைத்துப் போகின்றது. பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டார். பிள்ளையிடம் சொல்ல மாட்டார். படித்த டாக்டரிடம் சொல்லவே மாட்டார். "மூலம், பவுத்திரம், கத்தியின்றிக் குணம்" என்று பஸ் நிலையச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கின்றானே, அவனிடம் மாத்திரம் இருட்டின பிறகு போய்ச் சொல்லுவார். அவனோ ஒன்றையும் பாராமலே "மூலச்சூடுதான்" என்று சொல்லி, ஒரு லேகியத்தைக் கொடுத்துக் காசை வாங்கிக் கொள்ளுகின்றான். மூன்று மாதம் லேகியம், ஆறு மாதம் சூரணம், பிறகு ஆள் எலும்பும் தோலுமாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போகப்படுகின்றார். வீட்டார் "விதி முடிந்தது" என்கின்றார்கள்.

எந்த விதி என்று கேட்கின்றோம். அந்த இரத்தம் மூலத்தினாலும் வரலாம். அநேகருக்கு அப்படித்தான் வருகின்றது. ஆனால் பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாகும் புற்றுநோய்க்கும் அதே இரத்தந்தானே அடையாளம்? உள்ளே பார்த்தாலொழிய இரண்டையும் பிரித்தறிய எந்த மகானாலும் முடியாது. அதிலும் இந்தப் புற்று ஒரே நாளில் வந்து குதிப்பதல்ல. குடலின் உட்சுவரில் மருவைப் போல ஒரு சிறு முளை கிளம்புகின்றது. வலியில்லை, காய்ச்சலில்லை. அதில் சில முளைகள் மெள்ள மெள்ள வளர்ந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம்போல் ஆகின்றது. பத்து வருஷம்! எமன் இவ்வளவு தவணை கொடுக்கின்ற வியாதி வேறு எத்தனை இருக்கின்றது? அந்தத் தவணைக்குள் குழாய்க் காமிராவை விட்டு முளையைக் கண்டு, அதே குழாயாலேயே அறுத்தெடுத்து விட்டால், அதிலிருந்து புற்று வருவதற்கு வழியே இல்லை.

"சுகமாயிருக்கின்றவனுக்கு எதற்குச் சோதனை?" என்று சிலர் கெட்டிக்காரத்தனமாய்க் கேட்கின்றார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்து கொண்டு இப்படிக் கேட்கலாமா? 1961-ம் வருஷத்தோடு நின்றுபோன முத்துச் சலாபத்தை நினைத்துப் பாருங்கள். சலாபம் கூட்டுவதற்கு முன் அதிகாரிகள் பாருக்குப் போய், மாதிரிச் சிப்பிகளை எடுத்து வந்து, கழுவி, உள்ளே முத்து உண்டா, என்ன விலை போகும் என்று பார்த்த பிறகே நாள் குறித்தார்கள். சிப்பியின் வெளி ஓட்டைப் பார்த்து எவனும் உள்ளே இருப்பதைச் சொன்னதில்லை. சிப்பியின் வயிற்றுக்கு இருந்த அந்த மரியாதை மனிதன் வயிற்றுக்கு இருக்கக் கூடாதா?

அதே சலாபத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சுறா கடிக்காமல் மந்திரத்தால் கடலைக் கட்டுகின்றவன் என்று 'கடல்கட்டி' ஒருவன் இருந்தான். அவன் கரையிலே உட்கார்ந்து முணுமுணுப்பான். உயிரைக் கொடுத்து முங்கினவன் தன் சிப்பியில் அவனுக்குப் பங்கு கொடுப்பான். 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்கார சர்க்கார்கூட அவனை வைத்துக் கொண்டிருந்தது! இன்றைக்குச் சுறாவைக் கட்டுகின்றவன் இல்லை. ஆனால் திருச்செந்தூர்ப் பன்னீர் இலைத் திருநீறும், மாதா கோயில் மெழுகுவர்த்தியும், தர்காவில் ஓதின தண்ணீரும் குடலில் வளருகின்ற முளையைக் கட்டும் என்று நம்புகின்றவர்கள் இருக்கின்றார்கள். அவற்றால் காலம் ஒன்றுதான் கழிகின்றது. இந்த வியாதிக்கு வேண்டியதும் அதுதான்.

சோதனை என்றால் பெரிய சித்திரவதை என்று நினைக்க வேண்டாம். ஒரு சிறு குப்பி, ஒரு குச்சி. மலத்தில் ஒரு துளியைத் தொட்டு அடைத்துக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கின்றதா என்று சொல்லி விடுவார்கள். இருக்கின்றதென்றால் புற்றென்று அர்த்தமல்ல. குழாயை விட்டுப் பார்க்க வேண்டுமென்றுதான் அர்த்தம். அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தில் 50 முதல் 80 வயது வரையுள்ள 46,551 பேர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 1993-ல் வெளியாயிற்று. வருஷந்தோறும் இப்படிச் சோதித்துக் கொண்டவர்களில் இந்நோயால் செத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஜப்பானில் 1992 முதல் 40 வயதானவர்களுக்கு இதற்கு ஏற்பாடு உண்டு. இங்கிலாந்தில் குப்பியைத் தபாலிலேயே அனுப்பித் தபாலிலேயே வாங்குகின்றார்கள். அந்தத் தபால்காரர் எவரும் தீட்டுப்பட்டுப் போனதாகத் தெரியவில்லை.

இங்கேதான் தீட்டு. மலத்தை அள்ளுவதற்கென்று பிறவியிலேயே ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைத்த நாடல்லவா! ஊரார் மலத்தை ஒருவன் தலையில் சுமக்கலாம். தன் மலத்தில் ஒரு துளியைத் தான் குச்சியால் தொடுவது மாத்திரம் கேவலமாம். பெண்கள் கதியோ இன்னும் மோசம். உப்பளத்தில் வெயிலில் நிற்கின்ற ஐம்பத்தைந்து வயது அம்மாள், சோர்வும் இரத்தசோகையும் எதனால் என்று கேட்கப்படாமலே இரும்புச்சத்து மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுகின்றாள். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சொந்தத் தங்கை, வீட்டிலேயே டாக்டர் இருந்தும், 1920-களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றால்தான் மாண்டார். அந்தத் துக்கமே 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாயிற்று. இன்று கருவி இருக்கின்றது. குறைவாயிருப்பது கேட்கின்ற வாய்தான்.

சர்க்காரையும் விட்டுவிடுவதற்கில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்தது, நல்ல காரியம். தேசியத் திட்டத்தில் வாய், மார்பு, கருப்பைவாய் ஆகிய மூன்றிடத்துப் புற்றுக்கு 30 வயது முதல் சோதனை உண்டு, அதுவும் நல்லதே. குடலை மாத்திரம் ஏன் விட்டார்கள்? மேல்நாட்டைவிட இங்கே இந்நோய் குறைவென்பார்கள். குறைவுதான், ஆனால் வருகின்றவர்களில் அநேகர் முற்றிப் போன பிறகல்லவா வருகின்றார்கள்? எல்லோருக்கும் கொடுக்கப் பணமில்லையென்றால், ஐம்பது முதல் எழுபத்தைந்து வயதுக்குள் உள்ளவர்களுக்கும், பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்நோய் வந்திருந்தால் நாற்பதிலிருந்துமாவது கொடுக்கட்டும். அதுவரையில் அவரவர் வயிற்றுக்கு அவரவரே காவல். இரத்தம், மலப்போக்கில் வாரக்கணக்கான மாறுதல், காரணமில்லாத மெலிவு, சோகை, இவற்றில் ஒன்றிருந்தாலும் குப்பிச் சோதனைக்குக்கூடக் காத்திராமல், நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் "உள்ளே பாருங்கள்" என்று கேட்க வேண்டியது.

கிராமசபை கூடுகின்ற நாள்களில் நமது தோழர்கள் இதற்கொரு தீர்மானம் கொண்டு வரட்டும். வாசிக்கின்றவர் 'அந்தச் சோதனை', 'இந்தச் சோதனை' என்று மென்று விழுங்காமல், 'மலச் சோதனை' என்ற வார்த்தையைப் பெண்கள் இருக்கின்ற பக்கமும் கேட்கும்படி உரக்க வாசிக்கட்டும்.