குரங்கு செத்துக் கிடந்தால்...

கேள்வி: தோட்டத்தை ஒட்டிய காட்டில் குரங்கு செத்துக் கிடக்கிறது. அங்கே மாடு மேய்க்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப் பகுதியில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் நீலகிரிப் பக்கமும் தென்பட்டதுதான். பரப்புவது உண்ணி. குரங்கு செத்ததும் உதிர்ந்து அங்கேயே கிடக்கும். மாட்டுக்கு நோய் வராது. ஆனால் உண்ணியைத் தொழுவத்துக்குச் சுமந்து வரும். கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அங்கே சருகும் அள்ளாதீர்கள். விறகுக்குப் போயே தீரவேண்டுமென்றால் உடம்பை மூடிய உடை, உண்ணி விரட்டும் எண்ணெய், திரும்பியதும் வெந்நீர்க் குளியல்.

பத்து நாளுக்குள் திடீர்க் காய்ச்சல், மண்டையிடி, உடம்புவலி என்றால் உடனே அரசு மருத்துவமனை. காட்டுக்குப் போனதை மறக்காமல் சொல்லுங்கள். இந்த வைரஸுக்கென்று தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்து குறையாமலும் ரத்தக்கசிவு முற்றாமலும் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்; ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.