முடிவு தெரிந்தால் என்ன?

டிசம்பரில் எடின்பரோவில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜென்னி கோல்கனின் ‘தி கிறிஸ்துமஸ் புக்‌ஷாப்’ (2021) நாவல் அங்கேதான் நடக்கிறது. வேலை போன கார்மென், உடன்பிறந்தவள் வீட்டில் ஒண்டிக்கொண்டு, நொடித்துக் கிடக்கும் பழைய புத்தகக் கடையைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறாள். குளிர்காலம் நெருங்கினால் இந்த மாதிரிக் காதல் நாவல்களுக்காக நான் காத்திருப்பேன். ‘கடைசியில் காதலர்கள் சேர்ந்துவிடுவார்கள், இதில் என்ன இருக்கிறது?’ என்பார்கள் சிலர். சேர்வது முதல் பக்கத்திலேயே உறுதி. கடை பிழைக்குமா, முறுக்கிக்கொண்ட சகோதரிகள் மனம்விட்டுப் பேசுவார்களா என்பதில்தான் பதைப்பு. காதல் கைவிடாது என்ற தைரியத்தில்தான் பணக்கவலையைக்கூட நிம்மதியாகப் படிக்க முடிகிறது. துப்பறியும் நாவலில் கொலையாளி அகப்படுவான் என்று தெரிந்தேதானே படிக்கிறோம்? அதற்கொரு நியாயம், இதற்கொரு நியாயமா?