சொத்து எழுதுமுன் ஒரு வரி

வரதய்யபாளையம்: 2008-ல் இந்த மண்டலத்தையும் சத்தியவேடு மண்டலத்தையும் தொட்டு ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்தது. பல வீடுகளில் ஏர் போயிற்று, ஷிப்டு வந்தது.

முன்பு விதைக்கும் நாளை அப்பாவிடம் கேட்டாக வேண்டும். கம்பெனி பஸ் ஏறும் மகனுக்கு அந்தக் கேள்வியே இல்லை. வாலிபர்களின் மனம் கல்லாகிவிட்டது என்று சொல்வது சரியல்ல. இரவு ஷிப்டு முடித்து வருகிறவன் பகலில் தூங்குகிறான். பெரியவர்களோடு பேச நேரம் இல்லை. ஆனால் நிலத்துக்கு மட்டும் விலை ஏறியது. ஆளுக்கு இருந்த மதிப்பு பட்டாவுக்கு மாறியது.

பென்ஷன் தந்த பலம்

ஆந்திர அரசு முதியோர் பென்ஷனை 2024-ல் மாதம் ரூ.4 ஆயிரமாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2023-ல் அது ரூ.1,200 ஆக்கப்பட்டது. மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழ் ரூ.200 மட்டுமே. மருந்துக்கும் வெற்றிலைக்கும் மருமகளிடம் கை நீட்டாமல் இருப்பதே வயதானவர்களுக்குப் பெரிய கவுரவம்.

படிக்க முடியாத பத்திரம்

1960 ஏப்ரல் 1-ந் தேதி எல்லை மாற்றத்தில், செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த பல கிராமங்கள் ஆந்திராவுக்குச் சென்றன. இந்த எல்லைப்புறத்தில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர்கள் உண்டு. ஆபீஸ் காகிதமோ தெலுங்கில். பேரன் படித்துச் சொல்வதே அவர்களுக்குச் சாசனம். தான செட்டில்மெண்டில் கைநாட்டு வைக்கும்போதுதான் இதன் ஆபத்து தெரியும்.

சட்டம் சொல்வது

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-வது பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்து பெற்றவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். பத்திரத்தில் நிபந்தனை இல்லாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு, சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே பார்க்க வேண்டும், சொத்தை ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. இருந்தாலும், எழுதாத நிபந்தனையை நம்பிக் கோர்ட்டு படி ஏறுவது முதுமையில் முடிகிற காரியமா?

ஜீவனாம்சம் கோரி ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் ரூ.10 ஆயிரம் வரை கிடைக்க வழி உண்டு. மகன், மகள் மட்டுமல்ல, வயது வந்த பேரன், பேத்தியும் பொறுப்பாளிகளே. கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் உண்டு. இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்.

ஆகவே ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போகுமுன், பத்திரத்தை வெளியாள் ஒருவரைக் கொண்டு தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. 'கடைசிக்காலம் வரை பராமரிக்க வேண்டும்' என்ற வரி அதில் இருக்க வேண்டும். வாலிபர்கள் இதை அவமானமாக நினைக்க வேண்டாம். சோறு போடுகிற மகனுக்கு அந்த வரியால் எந்த நஷ்டமும் இல்லை.